இரத்தக் கொதிப்பும் நமது கணக்கேடும்

வியாபாரிகளாகிய நாம் காலை முதல் இரவு வரை அளந்துகொண்டே இருக்கிறோம். அரிசியையும் பருப்பையும் நிறுத்துக் கொடுக்கிறோம். துணியை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறோம். கடையை அடைக்குமுன் கல்லாவில் உள்ளதை எண்ணி ஏட்டில் பதிகிறோம். நமது தராசு சரியானதென்று சோதித்து முத்திரை ஒட்டியிருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். இவ்வளவு அளவும் கணக்கும் அறிந்த நாம், நமது உடலில் ஓடும் இரத்தத்தின் அழுத்தத்தை மட்டும் அளப்பதில்லை. அளந்தாலும் முறையாக அளப்பதில்லை. முறையாக அளந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதுவதில்லை. இந்த மூன்றாவது குற்றத்தை இக்கட்டுரையை எழுதும் நாமே செய்திருக்கிறோம். அதைப் பின்னர் சொல்லுவோம். முதலில் பாடத்தைப் பார்ப்போம்.

நாம் வைத்தியரல்ல. மதரஸாவிலும் ஆரம்பப் பாடசாலையிலும் ஓதிப் படித்து, தேக்காப் பக்கம் ஒரு சிறு மளிகைக் கடை வைத்திருக்கும் நாற்பத்தாறு வயதுக்காரர். டாக்டரிடமும் தாதியரிடமும் கேட்டும், வாசித்தும், பட்டும் தெரிந்துகொண்டதைச் சக வியாபாரிகளுக்கு எடுத்துச் சொல்வதே நமது நோக்கமாகும்.

அழுத்தம் என்பது யாது?

நாம் ‘பிரஷர்’ என்றும் ‘இரத்தக் கொதிப்பு’ என்றும் சொல்லுகிறோம். உண்மையில் இரத்தம் கொதிப்பதில்லை. இருதயம் ஒவ்வொரு முறையும் சுருங்கி இரத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அப்போது குழாயின் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இருதயம் தளர்ந்து இளைப்பாறும் வேளையில் எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். 120க்கு 80 என்று சொன்னால், அந்த அழுத்தங்கள் முறையே 120 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாதரசத்தைத் தூக்கி நிறுத்தவல்லவை என்பது பொருள்.

இதைக் கையில் எளிதாக அளக்கும் வழி 1896ஆம் ஆண்டில் வந்தது. இத்தாலியைச் சேர்ந்த ரிவா-ரோச்சி என்ற வைத்தியர் கைக்குப் பட்டை கட்டிக் காற்றடைத்து அளக்கும் கருவியை அவ்வாண்டு வெளியிட்டார். 1905இல் ருஷ்ய நாட்டு வைத்தியர் கொரொட்கோவ், குழாய் வைத்துக் காதால் கேட்டு இரு எண்களையும் கண்டறியும் வழியைச் சொன்னார். இன்று நாம் கடையில் வாங்கும் மின்கருவி காதால் கேட்பதில்லை. பட்டையில் காற்றை ஏற்றி இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, காற்றை மெல்ல இறக்கும்போது குழாயின் துடிப்பைப் பட்டையின் வழியே உணர்ந்து, இரு எண்களையும் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆகவே நாம் அசைந்தாலும் பேசினாலும் அதன் கணக்குப் பிசகிவிடும்.

ஏன் அளக்க வேண்டும்?

இரத்த அழுத்தம் ஏறியிருப்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, ஆகவே நமக்கு ஒன்றும் இல்லை என்று நினைப்பது தவறு. அழுத்தம் ஆண்டுக்கணக்கில் ஏறியே இருந்தால் மூளை, இருதயம், சிறுநீரகம், கண் ஆகிய நான்கையும் சத்தமில்லாமல் கெடுக்கிறது. சிங்கப்பூரில் 2017ஆம் ஆண்டு எடுத்த மக்கள் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 24 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. 2021-22ஆம் ஆண்டுகளின் ஆய்வில் அது 37 விழுக்காடாகக் காணப்பட்டது. அதாவது, கடைவீதியில் மூன்று பேர் நின்று பேசினால் அவர்களில் ஒருவருக்கேனும் இருக்கக்கூடும்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்டின் கதை இதற்கு ஒரு பாடம். 1944 மார்ச்சில் அவரைச் சோதித்த இருதய வைத்தியர் 186க்கு 108 என்று குறித்தார். 1945 ஏப்ரல் 12ஆம் தேதி மூளையில் இரத்தக் குழாய் வெடித்து அவர் இறந்தபோது அழுத்தம் 300க்கு 190 என்று எழுதப்பட்டிருக்கிறது. உலகின் பெரிய வைத்தியர்கள் பக்கத்தில் இருந்து அளந்தார்கள். ஆனால் அந்நாளில் அதை இறக்க நல்ல மருந்து இல்லை. இன்று மருந்து உண்டு, மலிவாகவும் கிடைக்கிறது, நாம்தான் அளப்பதில்லை. நமது தகப்பனார் அப்படித்தான் போனார். ஐம்பத்தெட்டு வயதில், கடையில் மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய அழுத்தம் எவ்வளவு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

வைத்தியரிடம் போகும்போது பார்த்தால் போதாதா?

போதாது. சிலருக்கு வைத்தியரைக் கண்டதுமே அழுத்தம் ஏறிவிடும். வீட்டில் சரியாகவே இருக்கும். இன்னும் சிலருக்கு மருந்தகத்தில் சரியாக இருக்கும். வீட்டிலும் கடையிலும் ஏறிவிடும். இரண்டாமவர் நிலைதான் ஆபத்து. ஏனெனில் அவரை யாரும் கவனிப்பதில்லை. ஒரு நாள் வியாபாரத்தை மட்டும் பார்த்து ஒரு கடையின் இலாப நஷ்டத்தைச் சொல்ல முடியுமா? பல நாள் கணக்கு வேண்டும். அழுத்தமும் அப்படியே.

கருவி வாங்கும்போது

முழங்கைக்கு மேல் கட்டும் பட்டையுள்ள கருவியையே வாங்க வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பத்தக்கதன்று. கைக்கடிகாரத்தையும் விரலில் மாட்டுவதையும் நம்பி மருந்தைத் தீர்மானிக்கக் கூடாது. கருவி முறைப்படி சோதிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ‘ஸ்டிரைட் பி.பி.’ என்ற பெயரில் அனைத்துலக வைத்தியர்கள் வெளியிடும் பட்டியலில் சோதனையில் தேறிய கருவிகளின் பெயர்கள் உள்ளன. பிள்ளைகளிடம் சொன்னால் கைத்தொலைபேசியில் ஒரு நிமிஷத்தில் தேடித் தருவார்கள். தராசுக்கு முத்திரை கேட்கிறோமல்லவா, இதற்கும் கேட்க வேண்டும்.

பட்டையின் அளவு முக்கியம். மேல்கையின் நடுவில் நாடா வைத்துச் சுற்றளவைப் பார்த்து, பட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். சாதாரணப் பட்டைகள் பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரையுள்ள கைக்கே பொருந்தும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். வாங்கிய கருவியை ஒரு முறை வைத்தியரிடம் கொண்டுபோய் அவருடைய கருவியோடு ஒத்துப்பார்ப்பது நலம்.

அளக்கும் முறை

காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை அளக்க வேண்டும். காலையில் சுபுஹுத் தொழுகை முடிந்து, கோப்பி குடிக்குமுன், மாத்திரை சாப்பிடுமுன் அளப்பது நமக்கு வசதி. இரவில் இஷாவுக்குப் பின் கடை அடைத்து வீடு வந்து, சற்று இளைப்பாறி, படுக்கப் போகுமுன் அளக்கலாம்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்னதாகவே கோப்பி, தே, சிகரெட் ஆகியவற்றை நிறுத்த வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாயும் நாற்காலியில், கால்மேல் கால் போடாமல், இரு பாதங்களும் தரையில் படும்படி அமர்ந்து, ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும். அங்குலியா பள்ளிவாசலிலிருந்து விரைந்து நடந்து வந்து, மூச்சு வாங்கும்போதே பட்டையைக் கட்டினால் அது நடையின் கணக்கே தவிர நமது கணக்காகாது.

பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டக் கூடாது. வெறுங்கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே, ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கட்டி, கையை மேசைமேல் வைக்க வேண்டும். பட்டை இருதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். இது சிறிய விஷயமன்று. 2024இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில், கையை மடிமேல் வைத்தால் மேல் எண் ஏறத்தாழ 4ம், கையைத் தொங்கவிட்டால் 6 அல்லது 7ம் கூடுதலாகக் காட்டுவது தெரியவந்தது. தராசுத் தட்டின் கீழ் ஒரு கல்லை ஒட்டி வைப்பதற்கு ஒப்பாகும் இது.

ஒரு முறை அளந்து, ஒரு நிமிஷம் பொறுத்து, மறுமுறை அளந்து, இரண்டையும் எழுத வேண்டும். முதன்முதல் அளக்கும்போது இரு கைகளிலும் பார்த்து, எந்தக் கையில் கூடுதலோ அந்தக் கையிலேயே எப்போதும் அளக்க வேண்டும். இரு கைகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஏட்டில் கணக்கிடுதல்

வைத்தியரைப் பார்க்கப் போகுமுன் ஏழு நாட்கள் இப்படி அளந்தால் போதும். முதல் நாள் எண்களைத் தள்ளிவிடுங்கள். புதுக் கருவியின் படபடப்பு அதில் இருக்கும். எஞ்சிய ஆறு நாட்களுக்கு, நாளுக்கு நான்கு வீதம், இருபத்து நான்கு எண்கள் வரும். மேல் எண்கள் எல்லாவற்றையும் கூட்டி 24ஆல் வகுக்க வேண்டும். கூட்டுத்தொகை 3,312 என்று வைத்துக்கொண்டால் சராசரி 138. கீழ் எண்களையும் அவ்வாறே செய்ய வேண்டும். வீட்டில் அளந்த சராசரி 135க்கு 85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் அழுத்தம் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மருந்தகத்தில் 140க்கு 90 என்பதற்கு இது சமம். நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு வைத்தியர் வேறு இலக்குச் சொல்லக்கூடும். அவர் சொல்வதே கணக்கு.

நாம் செய்த தவறு

மூன்று ஆண்டுகளுக்கு முன் நமக்கு 158க்கு 96 என்று கண்டார்கள். டாக்டர் ஒரு மாத்திரை எழுதி, கருவி வாங்கி வீட்டில் அளந்து எழுதி வரச் சொன்னார். நாமும் வாங்கினோம். முதலிரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. பிறகு பெருநாள் வியாபாரம் வந்தது. மாத்திரை தவறியது, தூக்கமும் தவறியது. கருவி 150க்கு மேல் காட்டத் தொடங்கியது.

நாம் என்ன செய்தோம்? நல்ல எண் வரும்வரை மறுபடி மறுபடி அளந்தோம். நான்காவது ஐந்தாவது முறையில் 134 என்று வந்தால் அதை மட்டும் எழுதினோம். வராத நாளில் மனத்துக்குப் பட்டதை எழுதினோம். இரண்டாவது மாத்திரை கொடுத்துவிடுவாரே என்ற பயம் ஒன்று. மற்றொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நமக்குச் சரக்குக் கடன் கொடுப்பவர்கள் காதில் ‘அவருக்கு வியாதி முற்றிவிட்டது’ என்று விழுந்தால் கடை என்னாகும் என்ற எண்ணம். வியாபாரிகளில் பலருக்கு இந்த எண்ணம் உண்டு என்பது நமக்குத் தெரியும்.

ஓர் இரவு கல்லாவை எண்ணிக்கொண்டிருக்கும்போது வலக்கையிலிருந்த பேனா நழுவி விழுந்தது. எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை. மகளைக் கூப்பிட வாய் குழறியது. அவள் 995ஐ அழைத்தாள். ஆஸ்பத்திரி சேருமுன்பே கை திரும்பிவிட்டது. அது வரப்போகும் பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கை என்று வைத்தியர்கள் சொன்னார்கள்.

மறுநாள் மகள் நமது ஏட்டையும் கருவியையும் பையில் எடுத்து வந்தாள். பெண் டாக்டர் ஒருவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, ‘எண்கள் நன்றாகத்தானே இருக்கின்றன’ என்று யோசித்தார். பிறகு கருவியை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். கருவி தன் நினைவில் வைத்திருந்ததை ஒவ்வொன்றாகக் காட்டியது: 156, 161, 149, 163. அவர் கோபிக்கவில்லை. ‘இந்த ஏட்டை நம்பி நாங்கள் மருந்தைக் கூட்டாமல் இருந்துவிடுவோம், ஐயா’ என்று மட்டும் சொன்னார். மகள் நம்மைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடையில் ஒரு காசுக் கணக்கைத் தவறாக எழுதியதில்லை என்று அவளிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்!

அன்றிலிருந்து நாம் அளக்கிறோம். கருவியைப் பார்த்து அவள் எழுதுகிறாள். இப்போது இரண்டு மாத்திரை. போன மாதச் சராசரி 128க்கு 79.

கருவி மருந்தாகாது

அளப்பதால் மட்டும் அழுத்தம் இறங்கிவிடாது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான தொகுப்பு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டிற்று. கருவியை வாங்கித் தாமாக அளந்துகொண்டு மட்டும் இருந்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அளந்ததை வைத்தியரிடமோ தாதியிடமோ காட்டி, அவர்கள் தொடர்ந்து வழிகாட்டியபோது மேல் எண் சராசரியாக 6 வரை கூடுதலாக இறங்கிற்று.

நமது சிங்கப்பூரின் டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் தஸீன் ஜாஃபர் தலைமையில், இலங்கை, பாகிஸ்தான், வங்காள தேசம் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப் பகுதிகளில் 2,645 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சுகாதார ஊழியர்கள் வீடு தேடிப் போய் மின்கருவியால் அளந்து, புத்தி சொல்லி, ஏறியிருந்தவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் அந்த வீடுகளில் மேல் எண் 9 இறங்கியிருந்தது. வழக்கம்போல் விடப்பட்டவர்களிடம் சுமார் 4 மட்டுமே இறங்கியிருந்தது. 2020இல் வெளியான முடிவு இது. தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டு, வீட்டு வாசலிலேயே அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்பட்டன. ஊரில் பெற்றோரை விட்டுவிட்டு இங்கே கடை நடத்துவோர் தொலைபேசியில் பேசும்போது, ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்பதோடு ‘பிரஷர் பார்த்தீர்களா, எவ்வளவு’ என்றும் கேட்க வேண்டும்.

இங்கே நமக்கு வசதிக்குக் குறைவில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தின்படி நாற்பது வயதைக் கடந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு குடும்ப வைத்தியரிடம் பதிந்துகொள்ளலாம். பலதுறை மருந்தகங்களில், வீட்டில் அளந்த எண்களைக் கைத்தொலைபேசி வழியே அனுப்பி, தாதியர் பார்த்து ஆலோசனை சொல்லும் ஏற்பாடும் வந்திருக்கிறது. உங்கள் மருந்தகத்தில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

சில எச்சரிக்கைகள்

எண் நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது; மாத்திரை சாப்பிடுவதால்தான் நன்றாக வருகிறது. ஒரு நாள் ஏறியதென்று நாமாக மாத்திரையைக் கூட்டிக்கொள்ளவும் கூடாது. ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே வைத்தியரிடம் போய், எந்த மாத்திரையை ஸஹரில் சாப்பிடுவது, எதை நோன்பு திறந்தபின் சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுவோர் இதை அவசியம் கேட்க வேண்டும். நோன்பு நாளில் தலை சுற்றினால் அளந்து பார்க்க வேண்டும். அழுத்தம் மிகவும் இறங்கியிருக்கவும் கூடும்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் சொல்லுகிறது. 2022இல் சிங்கப்பூர்வாசிகள் சாப்பிட்டதோ ஏறத்தாழ 9 கிராம். ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாவற்றையும் விற்பவர்கள் நாம். நமது தட்டில் குறைத்துக்கொள்ளலாம்.

கருவி 180க்கு 120 அல்லது அதற்கு மேல் காட்டினால் பதற வேண்டாம். சில நிமிஷம் அமைதியாக அமர்ந்து மீண்டும் அளக்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், கை கால் மரத்தல், வாய் குழறல், பார்வை மங்கல் இவற்றில் ஏதேனும் இருந்தால், எண் எதுவாயினும், கடையை யார் பார்ப்பது என்று யோசிக்காமல் 995ஐ அழைக்க வேண்டும். தானாகச் சரியாகிவிட்டாலும் போகத்தான் வேண்டும். நமக்கும் சரியாகத்தான் ஆயிற்று; அது முன்னெச்சரிக்கை என்று அங்கே போனபிறகே தெரிந்தது.

சகோதரர்களே! ஒரு சாதாரணக் கருவியின் விலை நாம் ஒரு வாடிக்கையாளருக்குக் கடன் விட்டு மறந்துபோகும் தொகைதான். இந்த வாரமே ஒன்று வாங்கி, வீட்டில் மனைவி மக்கள் பார்க்கும் இடத்தில் வையுங்கள். ஏழு நாள் அளந்து, வருகிற எண்ணை அப்படியே எழுதி, அந்த ஏட்டோடு கருவியையும் வைத்தியரிடம் எடுத்துப் போங்கள். எண் கூடுதலாக இருந்தால் அது அவமானமன்று. எழுதாமல் மறைப்பதுதான் நஷ்டம்.